ஆளா, மெஷினா

எங்கள் அலுவலகத்தில் ஹம்ஸியா எழுதும் அளவுக்குச் சுருக்கமான குறிப்பை வேறு யாரும் எழுதுவதில்லை. கணினித் திரையில் எச்சரிக்கையாக ஓர் அலர்ட் வந்தால் அதைத் திறந்து பார்த்து, அது என்ன, ஏன் வந்தது, நாங்கள் என்ன செய்தோம் என்பதைக் கீழே உள்ள பெட்டியில் எழுத வேண்டும். நானெல்லாம் ஆங்கிலத்தில் ஒரு நீண்ட பத்தி எழுதுவேன். நிறைய எழுதினால்தான் வேலை செய்த மாதிரி தெரியும் என்ற பயம் எனக்கு. ஹம்ஸியா முதலில் தமிழில் ஒரே ஒரு சொல்லை எழுதுவாள். 'ஆள்' அல்லது 'மெஷின்'. மற்றதெல்லாம் அதற்குக் கீழே, வேண்டாவெறுப்பாக, ஆங்கிலத்தில் வரும்.

பதுளை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் இருக்கிறோம். கொழும்புக் கம்பெனி ஒன்றின் சின்னக் கிளை. மற்றவர்களின் இணையத்தளங்களுக்கு யார் யார் வருகிறார்கள், வந்து என்ன கேட்கிறார்கள் என்று நாள் முழுக்கத் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் வேலை. கீழேயிருந்து மீன் வைத்த மாலு பணிஸ் வாசனை வரும்போது பாதிப் பேருக்குத் திரையில் கண் நிற்காது. நான் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்காரி. என் வேலையை அம்மாவுக்கு விளங்கவைக்க முயன்று தோற்றுப்போய், "காவல் காக்கிற வேலைம்மா" என்று சொல்லி முடித்துவிட்டேன். விளைவு, நான் செக்யூரிட்டி உடுப்புப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு பேங்க் வாசலில் நிற்பதாக எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்பு முழுக்க நம்பிக்கொண்டிருக்கிறது.

ஹம்ஸியா பதுளைக்காரி. அவளுடைய வாப்பா மர்ஸூக்குக்கு டவுனில் துணிக்கடை. பெருநாள், தீபாவளி, வெசாக் எது வந்தாலும் அந்தக் கடையில்தான் வளர்ந்தாள். நல்ல கெட்டிக்காரி, ஆனால் சிரிக்கவைக்க நீங்கள் படாதபாடு பட வேண்டும். யார் என்ன சொன்னாலும் உடனே நம்ப மாட்டாள். உடனே சந்தேகப்படவும் மாட்டாள். "பாப்பம்" என்பாள். அந்தப் 'பாப்பம்' எனக்கு எத்தனையோ முறை எரிச்சலை மூட்டியிருக்கிறது.

வருகிற அலர்ட்டுகளில் பெரும்பாலானவை ஒன்றும் பெரிய விஷயமில்லை. உலகத்தின் ஏதோ மூலையில் இருக்கும் ஒரு மெஷின், எல்ல என்ற சுற்றுலா ஊரில் இருக்கும் ஒரு விடுதியின் தளத்துக்கு வந்து, அங்கே இல்லாத பக்கங்களை வரிசையாகக் கேட்கும். எங்கேயாவது ஒரு கதவு பூட்டாமல் கிடக்கிறதா என்று பார்க்கிறதாம். இன்னொன்று இரண்டு புள்ளியும் ஒரு சாய்கோடும் திரும்பத் திரும்ப அனுப்பி, தனக்கு உரிமையில்லாத கோப்புறைகளுக்குள் ஏறப் பார்க்கும். இன்னொன்று விருந்தினர் கருத்து எழுதும் இடத்தில், 'அருமையான காலை உணவு' என்று எழுதுவதற்குப் பதிலாக ஒரு துண்டு நிரலை ஒட்டிவைக்கும். அடுத்ததாக அந்தக் கருத்தைப் படிக்க வருகிற ஆளின் பிரவுசரில் அது தன் வேலையைக் காட்டும்.

ஒருமுறை எல்ல விடுதிக்காரர் ஒருவர் பதறிக்கொண்டு போனில் கோல் எடுத்தார். அறை பதிவுசெய்யும் படிவத்தில் பெயர் என்ற இடத்தில் யாரோ ஒரு மேற்கோள்குறி போட்டு, 'அல்லது ஒன்று சமன் ஒன்று' என்று எழுதியிருக்கிறார்களாம். "இவருக்கு ரூம் குடுக்கவா, வேணாமா?" என்பதுதான் அவருடைய கவலை. பெயர் கேட்ட இடத்தில் கட்டளையை எழுதி, உள்ளே இருக்கும் தரவுத்தளத்தை ஏமாற்றும் வேலை அது. ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம்தான். அந்தக் கேள்விக்கு ஆமாம் போடப் போய், உள்ளே இருப்பதையெல்லாம் அள்ளிக் கொடுத்துவிடும் அப்பாவித் தளங்கள் இன்னமும் இருக்கின்றன. நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். ஹம்ஸியா மட்டும் சிரிக்காமல், அந்தக் கேள்விக்குத் தளம் என்ன பதில் அனுப்பியது என்று தேடிப் பார்த்தாள். "கேட்டது என்னத்தையாவது கேக்கட்டும். நாம குடுத்தோமா இல்லையா எண்டுதான் பாக்கணும்" என்றாள்.

ஆளையும் மெஷினையும் அவள் பிரிக்கிற விதம் எனக்குப் பிடிக்கும். ஆள் என்றால் நின்று நின்றுதான் வருவான். பிழையாக அடிப்பான், யாரிடமாவது கேட்பான், திரும்ப அடிப்பான். அவன் ஒரு பக்கத்தைத் திறந்தால் அதிலுள்ள படம், லோகோ எல்லாம் சேர்ந்து இறங்கும். மெஷினுக்குப் படம் தேவையில்லை. மூச்சு விடாமல் கேட்டுக்கொண்டே இருக்கும். "கடையில கூட்டம் எண்டா வாப்பா மூஞ்சப் பாக்க மாட்டார், கையத்தான் பாப்பார்" என்று ஒருநாள் சொன்னாள்.

இன்னொன்றையும் ஒரு தேநீர் நேரத்தில் சொல்லியிருக்கிறாள். ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பிறகு, முஸ்லிம் கடை என்று, வாப்பாவின் கடைக்கு ஆள் வருவது நின்றுபோனது. அவள் பிறந்ததிலிருந்து அவளைத் தெரிந்தவர்கள்கூட எதிர்ப்பக்கத்து நடைபாதையில் ஏறிப் போனார்கள். சோதனைக்கு வந்தவர்கள் சாரிப் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தெருவில் அவிழ்த்துப் போட்டார்கள். எல்லாவற்றையும் வாப்பா திரும்ப மடித்து அடுக்கினாராம், யாரையும் உதவிக்கு விடவில்லையாம். "யாரு செஞ்சது எண்டு பாக்கல்ல. எங்க இருந்து வாறாங்க எண்டு பாத்தாங்க, அவ்வளவுதான்" என்றாள். அழவில்லை.

இனி அந்த நாளைச் சொல்கிறேன்.

தாதியர் பயிற்சி கொடுக்கும் தனியார் நிறுவனம் ஒன்று எங்கள் வாடிக்கையாளர். அதன் விண்ணப்பங்கள் அன்று பின்னேரம் நாலு மணியோடு முடிகின்றன. என் தங்கச்சி லதுஷாவும் விண்ணப்பிக்கிறாள். அம்மா அன்று காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. லதுஷாவுக்குத் தலை பின்னி, சான்றிதழ்களைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, பஸ் ஏற்றி அனுப்பியிருந்தாள். கொழுந்துக் கூடையைத் தூக்காமல் வாழப்போகிற இரண்டாவது பிள்ளை இவள் என்று அம்மா ஏற்கனவே முடிவு கட்டிவிட்டாள். நான் லதுஷாவை டவுனில் றினாஸின் கொமினிகேஷன் கடையில் உட்காரவைத்துவிட்டு வேலைக்கு வந்தேன்.

றினாஸ் கடை டவுனுக்கு வரும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் ஒரு குட்டிக் கச்சேரி, அதாவது அரசாங்க அலுவலகம், மாதிரி. போட்டோக்கொப்பி, ஐடிப் படம், விண்ணப்பம், எல்லாம் அங்கேதான். யாருக்கும் ஈமெயில் இல்லையென்றால் றினாஸ் கவலைப்பட மாட்டான், தன் கடை ஈமெயிலையே போட்டுவிடுவான். பாஸ்வேர்டும் எல்லோருக்கும் ஒன்றுதான். அதனால் அன்று காலையிலிருந்தே மஞ்சள் அலர்ட்டுகள் வந்துகொண்டிருந்தன. ஒரே முகவரியிலிருந்து, ஒரே ஈமெயிலில், ஆள் மேல் ஆளாக விண்ணப்பம். இது போலிக் கணக்குகளோ என்று திரை கேட்டது.

"இது றினாஸ் கடைங்க. எல்லாம் நம்ம புள்ளைங்கதான்" என்றேன்.

ஹம்ஸியா ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு 'ஆள்', 'ஆள்' என்று எழுதிக்கொண்டே போனாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சிவப்பு அலர்ட் விழுந்தது. அதே கடை, அதே முகவரி. பாடநெறிகளைத் தேடும் பெட்டியில் மேற்கோள்குறியும் கட்டளையுமாக, அந்த 'ஒன்று சமன் ஒன்று' வகையறா, கொட்டு கொட்டென்று கொட்டிக்கொண்டிருந்தது. நான் சும்மா எட்டிப் பார்த்தேன். அந்தத் தாக்குதல் எந்தக் கணக்கின் பெயரில் வருகிறது என்று பக்கத்தில் போட்டிருந்தது. கணக்கின் பெயர் என்பது அந்தத் தளத்தில் அடையாள அட்டை எண்தான். அந்த எண் எனக்கு மனப்பாடம். அட்டை எடுப்பதற்காக அலைந்தவளே நான்தானே.

"ஹம்ஸியா, இது லதுஷாவோட நம்பர்" என்றேன்.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள்.

"அவளுக்கு இதெல்லாம் தெரியாதுங்க. வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பவே என்னைக் கேக்குறவ. ஏதோ தப்பா வந்திருக்கு, மூடிருங்க" என்றேன்.

"ஒங்கட தங்கச்சி எண்டதுக்காக மூட ஏலா, ஜீவராணி. இது உண்மையான தாக்குதல்தான். பாப்பம்."

அந்த நேரத்தில் அவளை அறையலாம் போல இருந்தது.

அதற்குள் கொழும்பிலிருந்து நிரோஜன் சேர் கோல் எடுத்துவிட்டார். எங்கள் பொறுப்பாளர். சொந்த ஊர் யாழ்ப்பாணம், மனுசர் நல்லவர், விதி என்றால் விதி. ஹம்ஸியா போனை ஸ்பீக்கரில் போட்டாள்.

"ஹம்ஸியா, என்ன பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள்? அந்த அட்ரஸை பிளொக் பண்ணுங்கோ."

"சேர், அதே அட்ரஸ்ல விண்ணப்பம் போடுற புள்ளைகளும் ஈக்கிறாங்க. இண்டைக்குக் கடைசி நாள்."

"அதுக்கு நாங்கள் என்ன செய்யிறது? போன வருசம் இப்பிடித்தான் ஒருத்தர் பாவம் பாத்தவர். ஒரு கிளினிக்கின்ர நோயாளியளின்ர விவரம் முழுக்க வெளியில போட்டுது. முதல் பூட்டுங்கோ, பிறகு ஆராய்வம். அந்த ஐடி நம்பரையும் தடைப்பட்டியலில போடுங்கோ."

அவர் சொன்னதில் பிழையில்லை. எங்கள் விதியே அதுதான். றினாஸ் கடையில் எத்தனை கணினி இருந்தாலும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே முகவரி. அதைப் பூட்டினால் கடை முழுக்கப் பூட்டு, உள்ளே இருக்கிற அத்தனை பிள்ளைகளுக்கும் பூட்டு. தடைப்பட்டியலில் எண்ணைப் போட்டால் லதுஷாவின் விண்ணப்பம் அதோடு சரி. எங்கே இருந்து அனுப்பினாலும் தளம் ஏற்காது, 'தாக்கியவர்' என்று நிறுவனத்துக்கு அறிவித்தலும் போகும். அம்மாவின் முகம்தான் எனக்கு முன்னால் நின்றது.

ஹம்ஸியா பூட்டவில்லை. முதலில் தளம் அனுப்பிய பதில்களைத் திறந்தாள். எல்லாமே ஒரே அளவான, சின்னப் பிழைச்செய்தி. "இன்னும் ஒண்டும் வெளியே போகல்ல, சேர்" என்றாள். பிறகு தேடும் பெட்டியை மட்டும் நிறுத்திவைத்தாள். விண்ணப்பம் போடுவதற்கு அது தேவையில்லை. கொஞ்சம் அடங்கியது. அடுத்த மூச்சிலேயே அது இன்னொரு பெட்டிக்குத் தாவி, அங்கே கொட்ட ஆரம்பித்தது.

"பாத்தீங்களோ?" என்றார் சேர்.

அவள் திரையில் விரலை வைத்து எனக்குக் காட்டினாள். லதுஷாவின் பெயரில் இரண்டு விஷயங்கள் ஒரே நேரத்தில் நடந்துகொண்டிருந்தன. ஒரு பக்கம் யாரோ தகப்பன் பெயரை அடித்து, அழித்து, திரும்ப அடித்து, ஆற அமரப் படிவம் நிரப்புகிறார்கள். படமெல்லாம் ஒழுங்காக இறங்கியிருக்கிறது. இன்னொரு பக்கம் படமும் இல்லை, மூச்சும் இல்லை, கட்டளை மேல் கட்டளை.

"றினாஸ்ட கடைக்குக் கோல் எடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன்.

"றினாஸ், நான் மர்ஸூக் ஹாஜியார்ட மகள் ஹம்ஸியா பேசுறன். ஸ்பிரிங்வெளிப் புள்ள லதுஷா எந்தக் கம்பியூட்டர்ல ஈக்கி?"

"மூணாவதுல, ராத்தா. என்ன விஷயம்?" என்றான். ராத்தா என்றால் அவர்கள் வழக்கில் அக்கா.

"அந்தப் புள்ளய ரெண்டு கையையும் மடியில வெக்கச் சொல்லுங்க. நான் சொல்லும் வரைக்கும் ஒண்டையும் தொட வேணாம்."

கொஞ்ச நேரம் இரைச்சல். பிறகு, "வெச்சிட்டு ஈக்கிது, ராத்தா. பயந்துபோய் ஈக்கிது" என்றான்.

படிவப் பக்கம் அப்படியே நின்றது. தகப்பன் பெயரில் பாதியோடு. மற்றது நிற்கவில்லை. கையே இல்லாமல் கொட்டிக்கொண்டிருந்தது. மூவரும் அதைப் பார்த்தோம், ஒருவர் கொழும்பிலிருந்து.

"கையை எடுத்தும் நிக்கேல்லையோ?" என்றார் சேர். அவருடைய குரல் இறங்கியிருந்தது. "எண்டாலும் பூட்டத்தான் வேணும், ஹம்ஸியா. நான் ரெண்டாம் முறை சொல்லுறன்."

"விளங்குது, சேர்" என்று சொல்லிவிட்டு, மற்றப் போனில், "றினாஸ், மூணாவது கம்பியூட்டர்ட நெட் வயரப் புடுங்குங்க. இப்பவே" என்றாள்.

சிவப்பு நின்றது. தண்ணீர்க் குழாயை இறுக்கிப் பூட்டிய மாதிரி நின்றது. மற்றக் கணினிகளிலிருந்து பிள்ளைகளின் விண்ணப்பங்கள் தங்கள் பாட்டுக்கு வந்துகொண்டிருந்தன.

"நீங்க போங்க. அந்தப் புள்ள முதல்ல இருந்து நிரப்பணும், நேரமில்ல. நான் இங்க பாக்கிறன்" என்றாள் ஹம்ஸியா. நான் படியிறங்கிய வேகத்தில் பேக்கரிக்காரர் என்னவோ ஏதோ என்று வெளியே வந்துவிட்டார்.

லதுஷா கடையின் மூலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் வெடித்துவிட்டாள். "அக்கா, நான் ஒண்ணுமே பண்ணலக்கா. அப்பா பேரத்தான் அடிச்சேன். எல்லாரும் என்னையவே பாக்குறாங்க." அவள் எதையோ உடைத்துவிட்டதாக அங்கிருந்த அத்தனை பேரும் நினைத்திருந்தார்கள். பிள்ளைகளுடன் வந்திருந்த தாய்மார்கூட அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, "அவ ஒண்ணும் பண்ணல, கம்பியூட்டர்தான் பண்ணிச்சு!" என்று கடை முழுக்கக் கேட்கக் கத்தினேன். தெமோதரையிலிருந்து வந்த ஒரு பிள்ளை எழுந்து, "நான் முடிச்சிட்டேன், இங்க உக்காருங்க" என்று இடம் கொடுத்தது. லதுஷா அழுதுகொண்டே அடித்தாள். றினாஸ் பழக்கதோஷத்தில் தன் ஈமெயிலைச் சொல்ல வாயெடுத்தான். நான் விடவில்லை, அவளுக்கென்று ஒன்று திறந்து அதையே போட்டேன். தளம் மூடுவதற்குக் கொஞ்சம் முன்னால் விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

மூன்றாவது கணினியில் என்ன கோளாறு என்பது பிறகு தெரிந்தது. ஐடிப் படத்துக்குப் பின்னால் நீல நிறம் போடுவதற்காக றினாஸ் எங்கேயோ சும்மா கிடைத்த ஒரு மென்பொருளை ஏற்றியிருந்தான். அதற்குள் ஒளிந்து வந்தது, அந்தக் கணினியில் யார் எந்தத் தளத்தைத் திறந்தாலும் அவர்கள் பெயரிலேயே அதன் பெட்டிகளைக் குடைந்து பார்க்கும். "நீலம் போடத்தான், ராத்தா, வேற ஒண்டும் இல்ல" என்று அவன் ஹம்ஸியாவிடம் தலையைச் சொறிந்தான். அவள் அவனுக்குக் கொடுத்த ஏச்சை நான் இங்கே எழுத முடியாது.

நான் திரும்பி வந்தபோது அந்தச் சிவப்பு அலர்ட்டின் குறிப்புப் பெட்டி திறந்திருந்தது. முதல் தடவையாக அவள் இரண்டு சொற்கள் எழுதியிருந்தாள்: 'ஆளும் மெஷினும்'. அறிக்கையில் 'தாக்கியவர்' என்ற இடத்தில் லதுஷாவின் எண் தானாகவே விழுந்திருந்தது. ஹம்ஸியா அதை அழித்தாள். அந்த இடம் வெறுமையாக இருக்கக்கூடாது என்று திரை அடம்பிடித்தது. 'கடையின் மூன்றாவது கணினி' என்று ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினாள்.

அந்த மாதத்தோடு அவளுடைய வேலை நிரந்தரமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை, தள்ளிப்போட்டார்கள். நிரோஜன் சேரே கோல் எடுத்துச் சொன்னார். "நீங்கள் பிழையாப் பாக்கேல்லை, ஹம்ஸியா. நான் பாத்ததை விட நல்லாப் பாத்தீங்கள். ஆனா ரெண்டு முறை சொல்லியும் பிளொக் பண்ணேல்லை. அது வேற, இது வேற." அவர் சொன்னது நியாயமாக இருந்ததால் எனக்கு இன்னும் கோபம் வந்தது. நாலு நாள் முணுமுணுத்துக்கொண்டே திரிந்தேன். "ஒங்களுக்கு என்னால..." என்று நான் ஆரம்பித்தபோது, "ஒங்களுக்காகச் செய்யல்ல" என்று வெட்டிவிட்டாள். அது உண்மையென்று எனக்குத் தெரியும். அவள் அந்தப் பொத்தானை அழுத்தாமல் இருந்தபோது அவளுடைய கண்ணில் என் தங்கச்சி இருக்கவில்லை. தெருவில் அவிழ்ந்து கிடந்த சாரிகள்தான் இருந்திருக்கும்.

கொஞ்ச நாள் கழித்து, ஒரு முற்பகலில், மஞ்சள் அலர்ட் ஒன்று வந்தது. அதே தாதியர் தளம். ஒரு போனிலிருந்து யாரோ திரும்பத் திரும்பப் பிழையான பாஸ்வேர்டை அடிக்கிறார்கள். இன்னொரு முறை பிழையானால் கணக்குப் பூட்டிக்கொள்ளும். ஹம்ஸியா கணக்கின் அடையாள அட்டை எண்ணைப் பார்த்தாள், இடையிடையே விழுந்திருந்த நீண்ட இடைவெளிகளைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்கட தங்கச்சிக்குக் கோல் எடுங்க" என்றாள்.

லதுஷா தண்ணித் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றாள். எங்கள் லயத்தில் சிக்னல் கிடைக்கிற இடம் அது ஒன்றுதான். "அக்கா! எடம் கெடச்சிருக்குன்னு ஈமெயில் வந்திருக்கு. உள்ள போயி சம்மதம் குடுக்கணுமாம். போக மாட்டேங்குதுக்கா. அவசரத்துல தப்புத்தப்பா அடிக்கிறேன்." பின்னால் அம்மா என்னென்னவோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

போனை ஹம்ஸியாவிடம் நீட்டினேன்.

"புள்ள, முதல்ல கைய எடுங்க" என்றாள் அவள். "ஒண்டையும் தொட வேணாம். நல்லா மூச்செடுங்க. ஆ... இப்ப மெதுவா, ஒவ்வொரு எழுத்தா அடிங்க. யாரும் தொரத்தல்ல."

திரையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம். ஓர் இடைவெளி. இன்னும் கொஞ்சம் நீண்ட ஓர் இடைவெளி. பிறகு தளம் லதுஷாவை ஏற்றுக்கொண்டது. போனில் அம்மாவும் அவளும் போட்ட சத்தம் அலுவலகம் முழுக்கக் கேட்டது.

ஹம்ஸியா போனை என்னிடம் தந்துவிட்டு, குறிப்புப் பெட்டியைத் திறந்து 'ஆள்' என்று எழுதினாள். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் அன்று அவள் எதுவும் எழுதவில்லை.